வாசலில் உருகிய கண்ணாடி, கருவறையில் நின்ற கண்ணாடி

யோபு புத்தகத்தின் 28-ஆம் அதிகாரத்துக்குக் கோலார் தங்கவயலில் விளக்கவுரை தேவைப்படாது. வெள்ளி விளையும் இடம், பொன் புடமிடும் இடம் என்று தொடங்கி, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் குழி வெட்டி, கயிற்றில் தொங்கி ஊசலாடி, கழுகின் கண்ணுக்கும் படாத வழியில் இறங்குகிறவர்களைப் பற்றி அந்த அதிகாரம் பேசுகிறது. சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கிற ஊர் ராபர்ட்சன்பேட்டை. இங்கே இதை வாசித்தால் வயதானவர்கள் தலையை ஆட்டுவார்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. தலையாட்டல் இன்னும் நிற்கவில்லை.

அதே அதிகாரத்தில் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிற ஒரு வசனம் இருக்கிறது. ஞானத்துக்கு ஈடாகாத செல்வங்களை அடுக்கும்போது 17-ஆம் வசனம் பொன்னையும் கண்ணாடிப் பொருளையும் ஒரே தட்டில் வைக்கிறது. எபிரேய வேதத்தில் கண்ணாடி என்ற அந்தச் சரக்கு தலைகாட்டுவது இந்த ஓரிடத்தில்தான். அன்று அது பொன்னுக்கு நிகரான அபூர்வம். இன்று நம் எம்.ஜி. மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சட்டம் போட்ட முகக்கண்ணாடி ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கிறது. பொன்னைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. அதே புத்தகத்தின் 37-ஆம் அதிகாரத்தில் எலிகூ வானத்தைக் காட்டி, வார்த்தெடுத்த முகக்கண்ணாடி போல அது உறுதியானது என்கிறான். வார்த்தெடுத்தது என்றால் உலோகம். வேதகாலத்தில் மனிதர்கள் முகம் பார்த்தது பெரும்பாலும் செம்பிலும் வெண்கலத்திலும்தான்.

இந்தக் கட்டுரை இரண்டு கண்ணாடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. ஒன்று, யாத்திராகமம் 38:8-இல் ஆசரிப்புக் கூடார வாசலில் பெண்கள் கொடுத்து, உருக்கித் தொட்டியாக்கப்பட்ட வெண்கலக் கண்ணாடி. மற்றொன்று, கன்னியாகுமரி மாவட்டம் சாமித்தோப்பில் அய்யாவழிப் பதியின் (கோயிலின்) பள்ளியறையில், அதாவது கருவறையில், நிற்கிற கண்ணாடி. இரண்டுக்கும் இடையே மூவாயிரம் ஆண்டு இடைவெளி, உறவும் கிடையாது. ஆனால் இரண்டு இடத்திலும் சிலையை வெளியேற்றியிருக்கிறார்கள், வாசலில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள், கண்ணாடியை ஏதோ ஒன்று செய்திருக்கிறார்கள். செய்தது நேர் எதிராக இருப்பதுதான் என்னை இழுத்தது.

முதலில் அந்த உலோகம். வெண்கலத்தில் முகம் எப்படித் தெரியும் என்று அறிய நாம் எகிப்துக்குப் போக வேண்டாம், ஆரன்முளைக்குப் போனால் போதும். பத்தனம்திட்டா மாவட்டத்தில் பம்பைக் கரையில் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றி வாழும் சில குடும்பங்கள் மட்டும் வார்க்கிற உலோகக் கண்ணாடி அது. அந்தக் கைவினைஞர்களின் முன்னோர் திருநெல்வேலிச் சீமையின் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. செம்போடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ப்பார்கள். சாதாரண வெண்கலம் அடித்தால் நசுங்கும். இது கீழே விழுந்தால் சில்லாக உடையும். வார்த்த பிறகு நாள்கணக்கில் எண்ணெயும் பொடியும் போட்டுத் துணியில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அதன் மேல் விரல் நுனியை வைத்தால் விரலும் நிழலும் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள்: பூச்சு பின்புறம் இருப்பதால் விரலுக்கும் நிழலுக்கும் நடுவே கண்ணாடியின் தடிமன் அளவுக்கு ஓர் இடைவெளி விழும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தில், இப்போது கண்ணாடியில் நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம், அப்போது முகமுகமாய்ப் பார்ப்போம் என்ற பொருளில் பவுல் எழுதுகிறார். கல்யாணத்துக்குக் கல்யாணம் நம் சர்ச்சுகளில் வாசிக்கிற அதிகாரம். அதற்குப் பிரசங்கத்தில் வழக்கமாகத் தருகிற விளக்கம், அந்தக் காலத்துக் கண்ணாடி மங்கல், ஆகவே பவுல் அப்படி எழுதினார் என்பது. எனக்கு அது அரைகுறை விளக்கமாகப் படுகிறது. கொரிந்து வெண்கலத்துக்குப் பேர்போன பட்டணம். நன்றாகத் துலக்கிய உலோகம் துல்லியமாகவே காட்டும். கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் தெரிவது ஆள் இல்லை, ஆளின் நிழல் என்பதுதான் பவுலின் குறை. மங்கலை அவர் குற்றம் சாட்டவில்லை, மறைமுகத்தைத்தான் சாட்டுகிறார்.

துலக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மட்டும் உண்மை. கத்தோலிக்கர் வேதாகமத்தில் இருக்கிற சீராக் ஆகமம் பகைவனின் நட்பைப் பற்றிப் பேசும்போது களிம்பேறுகிற கண்ணாடியைத்தான் உவமை காட்டுகிறது. துலக்காமல் விட்டால் முகம் போய்விடும் பொருள் அது. ஆகவே கூடார வாசல் பெண்களின் கண்ணாடி என்பது வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிடுகிற ஒன்றல்ல. பித்தளைக் குத்துவிளக்கு வைத்திருக்கிற வீட்டில் யார் கை புளி தேய்க்கிறதோ, அந்தக் கைக்கு இது தெரியும்.

இனி யாத்திராகமம். பெசலெயேல் என்ற கைவினைஞன் வெண்கலத் தொட்டியும் அதன் பாதமும் செய்கிறான். அதற்கான உலோகம் கூடார வாசலில் கூடி ஊழியம் செய்த பெண்களின் கண்ணாடிகளிலிருந்து வந்தது. ஒரே ஒரு வசனம், அவ்வளவுதான். யார் அந்தப் பெண்கள், என்ன ஊழியம், ஏன் கொடுத்தார்கள், எதுவும் இல்லை. வேதம் விட்ட இடத்தை யூத உரையாசிரியர்கள் நிரப்பினார்கள், இரண்டு விதமாக.

12-ஆம் நூற்றாண்டின் இப்னு எஸ்ரா சொன்னது ஒழுங்கான விளக்கம்: உலக ஆசையை விட்டுவிட்ட பெண்கள், அலங்காரம் இனி வேண்டாமென்று கண்ணாடியைத் தானம் செய்தார்கள். 11-ஆம் நூற்றாண்டின் ராஷி அதற்கு முந்தைய மரபிலிருந்து எடுத்துச் சொன்னது வேறு கதை. கண்ணாடிகளைப் பார்த்ததும் மோசேக்கு அருவருப்பு. இவை மினுக்கலுக்கானவை என்று தள்ளப் பார்த்தார். கடவுளோ, எல்லாவற்றையும்விட இவைதான் எனக்குப் பிரியம், வாங்கிக்கொள் என்றார். காரணம்: எகிப்தில் ஆண்கள் கொத்தடிமை வேலையில் நொறுங்கிக் கிடந்தபோது, பெண்கள் சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய் ஊட்டினார்கள். பிறகு கண்ணாடியை எடுத்து இருவர் முகத்தையும் அதில் சேர்த்துப் பார்த்து, உன்னைவிட நான் அழகு என்று சீண்டினார்கள். செத்துக் கிடந்த ஆசை எழுந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். ஒரு ஜனம் அழியாமல் நின்றது அந்தக் கண்ணாடிகளால்.

ராஷியின் கதை சுரங்கத்து லயன் வீட்டில் நடந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ராத்திரி ஷிப்ட் முடித்து, கண்ணிமையில்கூடக் கல்தூசியோடு வருகிற ஆளும், சோற்றுத் தட்டை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்கிற பெண்ணும். பிரசங்கங்கள் பெரும்பாலும் இப்னு எஸ்ராவின் பக்கம்தான் சாய்கின்றன. துறந்தவர்கள் என்றால் பேசுவது எளிது. என் ஓட்டு ராஷிக்கு.

நவீன ஆய்வாளர்கள் மூன்றாவதாக ஒன்றைக் காட்டுகிறார்கள். எகிப்தில் கண்ணாடி ஹாத்தோர் என்ற பெண்தெய்வத்தோடு ஒட்டியது. கைப்பிடியில் அவள் தலை வார்த்திருக்கும். சக்காராவில் மெரெருகாவின் கல்லறைச் சுவரில் பெண்கள் கண்ணாடியை ஏந்தி அவளுக்காக ஆடுகிறார்கள். அதே ஹாத்தோர்தான் சுரங்கக்காரர்களுக்கும் தெய்வம். சினாயில் நீலப்பச்சைக் கல் தோண்டிய செராபித் எல் காதிமிலும், செம்பு தோண்டிய திம்னாவிலும் அவளுக்குக் கோயில் இருந்தது. சுரங்கத்தையும் கண்ணாடியையும் ஒரே அம்மன் காத்த நிலத்தின் வழியாகத்தான் யாத்திராகமத்தின் ஜனங்கள் நடக்கிறார்கள். அப்படியானால் கண்ணாடியை உருக்கியது வெறும் தானம் அல்ல, இன்னொரு வழிபாட்டின் கருவியை அழித்துத் தன் பயன்பாட்டுக்கு எடுத்ததும்கூட. ஆறு அதிகாரம் முன்னால், 32-இல், இதே ஜனங்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துப் பொன் கன்றுக்குட்டி வார்த்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. உலோகம் ஒரு முறை தெய்வ உருவாகி ஊரைக் கெடுத்த பிறகு, அடுத்த முறை உருவே இல்லாத ஒரு தொட்டியாக மட்டும் அது ஆக அனுமதி பெற்றது.

சாமித்தோப்புக்கு வருவோம். 1809-இல் பிறந்த முத்துக்குட்டி, 1833-இல் திருச்செந்தூர்க் கடலுக்குப் போய் வைகுண்டராகத் திரும்பினார் என்பது அய்யாவழியின் நம்பிக்கை. 1851-இல் மறைந்தார். தெற்குத் திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் தோளை மூட உரிமை கேட்டுப் போராடிய காலம். அரசாணை 1859-இல்தான் வந்தது. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்ட வேண்டிய ஊர். அங்கே சிலை வேண்டாம், பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். மகாராஜா சுவாதித் திருநாளின் ஆட்சியில் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டார். விடுதலையாகி வந்தும் சொன்னதை மாற்றவில்லை.

பதிக்குப் போகிறவர் முதலில் முத்திரிக்கிணற்றில் குளிக்கிறார். சாதிக்கொரு கிணறு என்று இருந்த காலத்தில் எல்லாச் சாதிக்கும் வைகுண்டர் பொதுவாக்கிய கிணறு அது. ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டுகிறார்கள். கோயிலுக்குள் தலையில் துணி இருக்கக் கூடாது என்ற வழக்கத்துக்கு நேர் தலைகீழ். தலைப்பாகை மறுக்கப்பட்டவர்கள் அதைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நெற்றியில் சுடர் வடிவில் வெள்ளைத் திருநாமம். பள்ளியறையில் சிலை இல்லை. கண்ணாடி நிற்கிறது, இருபுறமும் விளக்கு. வணங்க நிமிர்ந்தால் எதிரே தெரிவது தலைப்பாகையும் நாமமுமாக நிற்கிற தன் முகம்.

இப்போது இரண்டு வாசல்களையும் அருகே வைக்கலாம். யாத்திராகமம் 30-இல் தொட்டிக்கு விதி இருக்கிறது. பலிபீடத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே அது நிற்கும். ஆரோனும் அவன் குமாரரும் கையும் காலும் கழுவி உள்ளே போவார்கள், கழுவாமல் போனால் சாவார்கள். கண்ணாடி கொடுத்த பெண்கள் வாசலில்தான் நின்றார்கள். அவர்கள் முகம் பார்த்த உலோகத்தில் ஆசாரியர்கள் கால் கழுவினார்கள். உள்ளே போகப் போகப் பொன், நடுவே வெள்ளி, பிராகாரத்தில் வெண்கலம் என்று உலோகத்துக்கும் படிநிலை. பெண்களின் உலோகம் பிராகாரத்தோடு நின்றது. சாமித்தோப்பிலோ தண்ணீர் எல்லோருக்கும், கண்ணாடி உள்ளே. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட கூட்டம், தானே ஒரு கருவறை கட்டி, அதில் வைக்கத் தேர்ந்தெடுத்த பொருள் தன் முகத்தைக் காட்டுவது. யாத்திராகமத்தில் பரிசுத்தம் வரவேண்டுமானால் கண்ணாடியில் முகம் அழிய வேண்டியிருந்தது. இங்கே முகம் தெரிந்தால்தான் வழிபாடு.

வரலாற்றின் நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும். பாலைவனத்தில் திரிந்த ஒரு ஜனத்தின் பயமும், திருவிதாங்கூரில் தலைமுறை தலைமுறையாகக் குனிந்தவர்களின் பயமும் ஒன்றல்ல. மனிதன் தன்னையே தெய்வமாக்கிவிடுவான் என்று முதலாவது கூட்டம் பயந்தது. எகிப்தில் அரசனையே தெய்வமாகக் கும்பிட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். இரண்டாவது கூட்டத்திடம் அந்த ஆபத்தைச் சொன்னால் சிரித்திருப்பார்கள். மனிதராகவே எண்ணப்படாதவர்கள் அவர்கள்.

தங்கவயலில் இது புரியாமல் போகாது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் ஊர்க் கோயில் வாசலைத் தாண்ட முடியாத ஒடுக்கப்பட்ட சாதியினர். சுரங்கக் கம்பெனிக்கு அவர்கள் முகம் தேவைப்படவில்லை, கைரேகை தேவைப்பட்டது. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வழிபாட்டுக்கு அவர்களில் சிலர் சர்ச்சுக்குப் போனார்கள், சிலர் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தார்கள், சிலர் அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் பௌத்தர்களானார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கம் நடந்தது, அயோத்திதாசரின் எழுத்துகளை அச்சிட்ட சித்தார்த்தா புத்தகசாலையும் இங்கேதான் இருந்தது. யாரும் கண்ணாடியை வைத்துக் கும்பிடவில்லை. ஆனால் எங்கள் முகத்துக்கு எங்கே இடம் என்று சாமித்தோப்பு கேட்ட கேள்வியைத்தான் ஆளுக்கொரு விதமாகக் கேட்டார்கள்.

சாமித்தோப்புக் கண்ணாடி மிஷனரிகளிடமிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆதாரம் காட்ட அவர்களுக்கு ஒரு வசனம் கைவசம் உண்டு: இரண்டாம் கொரிந்தியர் 3:18. மோசே முகத்துக்கு முக்காடு போட்டான். நாமோ திறந்த முகமாய்க் கர்த்தருடைய மகிமையைக் கண்ணாடியில் போலக் கண்டு அந்தச் சாயலாகவே மாறுகிறோம் என்று பவுல் அங்கே எழுதுகிறார். வேதாகமத்தில் சாமித்தோப்புக்கு மிகப் பக்கத்தில் வருகிற இடம் இதுதான், மறுக்கவில்லை. மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் சபை கட்டியது வைகுண்டர் குழந்தையாக இருந்தபோது. தமிழில் புதிய ஏற்பாடு அதற்கு நூறு ஆண்டு முன்பே தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது. வசனம் காதில் விழுந்திருக்கலாம். ஆனால் அந்த வசனத்தைத் தினமும் வாசித்த ஒரு சபைகூடப் பலிபீடத்தில் கண்ணாடி வைக்கவில்லை. லண்டன் மிஷன் அறிக்கைகள் வைகுண்டரின் கூட்டத்தைத் தங்கள் வேலைக்குத் தடையென்றே எழுதின. பவுலின் கண்ணாடியில் தெரிவது கிறிஸ்துவின் மகிமை. பார்ப்பவன் மெல்ல அதுவாகிறான். பள்ளியறைக் கண்ணாடியில் தெரிவது வந்து நிற்பவரே, ஏற்கெனவே.

தென்னாட்டில் சாமித்தோப்பு தனி ஆளும் இல்லை. வடலூரில் வள்ளலார் 1872 தைப்பூசத்தில் திறந்த சத்திய ஞானசபையில் ஏழு திரைகளுக்குப் பின்னால் கண்ணாடியும் ஜோதியும் இருக்கின்றன. ஆனால் அங்கே கண்ணாடி ஜோதிக்குத் துணை, முகத்துக்கு அல்ல. களவங்கோட்டில் நாராயண குரு 1927-இல் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். பின்புறப் பாதரசப் பூச்சைச் சுரண்டி ஓம் சாந்தி என்று எழுத்து விழவைத்த கண்ணாடி. அதில் முகமும் தெரியும், எழுத்தும் தெரியும்.

புதிய ஏற்பாட்டில் இன்னொரு கண்ணாடி யாக்கோபின் நிருபத்தில் இருக்கிறது. வசனத்தைக் கேட்டுவிட்டு அதன்படி செய்யாதவன், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, போன உடனே தான் எப்படியிருந்தான் என்பதை மறக்கிறவன் என்று முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். பவுலைவிட யாக்கோபு கண்ணாடியை நம்புகிறார்: அது உள்ளதைத்தான் காட்டுகிறது, மறப்பது ஆள். இந்த இடத்தில் மட்டும் அவரும் பள்ளியறைப் பணிவிடைக்காரரும் ஒரே பெஞ்சில் உட்காரலாம்.

கடைசியாக ஒரு கணக்கு விஷயம். யாத்திராகமம் 38-இன் முடிவில் கூடாரத்துக்குச் செலவான உலோகத்துக்கு வரவு செலவு எழுதியிருக்கிறது: பொன் 29 தாலந்து 730 சேக்கல், வெள்ளி 100 தாலந்து 1775 சேக்கல், காணிக்கையாக வந்த வெண்கலம் 70 தாலந்து 2400 சேக்கல். அந்த வெண்கலத்தில் என்னென்ன செய்தார்கள் என்ற பட்டியலும் உண்டு. பலிபீடம், சல்லடை, பாதங்கள், முளைகள் வரை. தொட்டி அதில் இல்லை. பெட்டிக்கு, மேசைக்கு, பலிபீடத்துக்கு எல்லாம் முழக்கணக்கு கொடுத்த புத்தகம், தொட்டி எவ்வளவு பெரியது என்றும் சொல்லவில்லை. பெண்களின் கண்ணாடி எவ்வளவு வந்ததோ அவ்வளவையும் போட்டு வார்த்தார்கள், அதனால்தான் அளவு இல்லை என்று வாசிக்கிறவர்கள் உண்டு. அய்யாவழியின் நிழல்தாங்கல்களும் இப்படித்தான். கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் இருக்கும் அந்தச் சிறு ஆலயங்களில், சிலைக்கு இருப்பது போல ஆகம அளவு கண்ணாடிக்குக் கிடையாது. ஊராரால் முடிந்த அளவில் ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள், விளக்கேற்றுகிறார்கள்.